ஆழி சூழ் உலகும் கொற்கையும்: பரதவர் குடும்பக் கதை நாவலாகும்போது

ஜோ டி குருஸ் எழுதிய ஆழி சூழ் உலகு (2004), கொற்கை (2009) ஆகிய இரு நாவல்களும் தென் தமிழகக் கடற்கரையில் வாழும் பரதவர் (பரவர்) சமூகத்தின் தலைமுறைக் கதைகள். முதல் நாவல் 1933 முதல் 1985 வரையிலான காலத்தில், ஆமந்துறை என்னும் கற்பனைக் கடற்கரையூரில் நிகழ்கிறது. இரண்டாவது நாவல் 1914 முதல் 2000 வரை தூத்துக்குடியை மையமாகக் கொண்டு விரிகிறது. கொற்கை 2013-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருதைப் பெற்றது. ஆசிரியர் 1963-ல் உவரியில் பிறந்தவர். கப்பல் போக்குவரத்துத் துறையில் பணியாற்றியவர்.

இந்நாவல்கள் பொதுவாக நெய்தல் நிலத்தின் வாழ்க்கைச் சித்திரங்கள் என்றே பேசப்பட்டுள்ளன. மீன்பிடி முறைகள், வட்டாரமொழி, கத்தோலிக்கத் திருச்சபையின் இடம் ஆகியவை பற்றியே விவாதங்கள் மிகுதி. முன்னோர் வரலாறாக அவற்றைப் படித்தால் வேறொரு கேள்வி எழுகிறது. உழுநிலமும் பட்டாவும் இல்லாத சமூகம் தன் மூதாதையரை எதில் சேமித்து வைக்கிறது? இரு நாவல்களும் இதற்கு இருவேறு விடைகளைத் தருகின்றன. முதல் நாவலின் விடையே வலுவானது.

நிலத்தில் தங்கும் முன்னோர்

உள்நாட்டு ஊர்களோடு ஒப்பிட்டால் கடற்கரையின் சிக்கல் தெளிவாகும். கடலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, மேற்குத் தொடர்ச்சி மலையடியில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடுத்தடுத்து உள்ளன. ராஜபாளையத்தின் ராஜுக்கள் தெலுங்கு பேசுபவர்கள். ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய நினைவை உடையவர்கள். அவர்கள் பெயரின் முன்னெழுத்துகளில் ஒன்று வீட்டுப்பெயரைக் குறிக்கும். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜாவின் ‘பூ’ என்பது பூசப்பாடி என்னும் வீட்டுப்பெயர். தெலுங்கு வீட்டுப்பெயர்கள் பலவும் பழைய ஊர்ப்பெயர்களே. ஓர் எழுத்து, குடும்பம் விட்டுவந்த ஊர்வரை கையைக் காட்டிவிடுகிறது. அதோடு குலதெய்வக் கோயில், பங்காளிகள், நிலப்பத்திரம் எல்லாம் சேர்ந்து பாட்டன் பூட்டனை ஓர் இடத்தில் நிறுத்திவைக்கின்றன.

இத்தகைய இடப்பெயர்வுக் கதையின் சிறந்த நாவல் வடிவம் கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் (1976). தெலுங்கு நாட்டிலிருந்து தப்பிவந்தவர்களின் கதையை மங்கத்தாயாரு அம்மாள் என்னும் முதுகிழவி சொல்கிறாள். வந்தவர்கள் காட்டை அழித்து நிலமாக்குகிறார்கள். கதையில் முன்னோர் என்பவர் இறுதியில் அந்த நிலம்தான். பேரன் உழும் வயலில் பாட்டனின் வியர்வை இருக்கிறது என்பது அங்கே உவமையே அல்ல, நேரடி உண்மை.

கடலில் அப்படி எதுவும் நிற்பதில்லை. நேற்று வலை வீசிய இடம் இன்று அடையாளம் அற்றது. உள்நாட்டுத் தமிழுக்குக் கடல் வந்துசேர்ந்ததும் பெரும்பாலும் பண்டங்களாகவே. முத்து, சங்கு, உப்பு, கருவாடு. ஸ்ரீவில்லிபுத்தூரின் ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் ஏழாம் பதிகம் முழுவதும் திருமாலின் சங்கோடு பேசுகிறாள். அது கடலில் பிறந்தது என்பதையும் சொல்கிறாள். சங்கு குளித்தவன் அங்கே வருவதில்லை. பக்திப் பாடலில் அவனைத் தேடுவது பொருத்தமும் அல்ல. ஆனால் சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் பரதவர் உண்டு. அங்கும் அவர்கள் பெயரில்லாதவர்கள். அகப்பாடலில் மாந்தரின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது மரபு. பழந்தமிழில் பரதவர் என்ற குடி இருக்கிறது. பெயருள்ள பாட்டன் ஒருவன் இல்லை.

பெயரும் பதிவேடும்

பரதவருக்குப் பெயர் எழுத்தில் பதிவாகத் தொடங்கியது திருமுழுக்கோடு. 1530-களில் முத்துக்குளித்துறையின் பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கூட்டமாகக் கத்தோலிக்கர் ஆனார்கள். 1542-ல் பிரான்சிஸ் சேவியர் இந்தக் கரைக்கு வந்தார். 1578-ல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். அதை உருவாக்கிய அன்றீக் அடிகளார் பணிபுரிந்தது இந்தக் கரையில், இந்த மக்களிடையே. அச்சுத்தமிழின் முதல் வாசகர்களில் ஒரு சாரார் மீனவர்கள்.

ஞானஸ்நானத்தோடு ஃபெர்னாண்டோ, ரொட்ரிகோ, கோஸ்தா, மச்சாடோ, மிராண்டா, வாஸ் போன்ற குடும்பப்பெயர்கள் வந்தன. இவை இரத்த உறவைச் சுட்டுபவை அல்ல. ஞானத்தந்தையாக நின்ற போர்த்துக்கீசியரின் பெயரையோ, அன்று அந்தக் கரையில் செல்வாக்கோடு இருந்தவரின் பெயரையோ ஏற்றுக்கொண்டதன் அடையாளம். ஆகவே ஒரே குடும்பப்பெயரை உடைய இருவர் பங்காளிகளாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பூசப்பாடி என்ற பெயர் முன்னோரின் ஊரைக் காட்டுகிறது என்றால், ஃபெர்னாண்டோ என்ற பெயர் முன்னோரை மறைக்கிறது. அதற்கு முந்திய பெயர் என்ன என்று கேட்டால் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பதில் கிடையாது. ஊருக்குள் ஒருவரை அறிவதற்குப் பட்டப்பெயர்தான் உதவுகிறது. அது பதிவேட்டில் ஏறுவதில்லை.

இறப்பின் நிலையும் அதுவே. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் குடும்பங்கள் கல்லறையைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றுகின்றன. கடலில் போனவருக்கு ஏற்றுவதற்குக் கல்லறை இல்லை. மீன்பிடிக் குடும்பங்கள் பலவற்றில் இப்படி இடமில்லாத முன்னோர் ஒருவராவது உண்டு. ஜோ டி குருஸின் நாவல்கள் இந்த வெற்றிடத்திலிருந்தே தொடங்குகின்றன.

ஆழி சூழ் உலகு

இந்நாவல், விபத்தில் சிக்கிக் கடலில் தத்தளிக்கும் மூவரை இடையிடையே காட்டிக்கொண்டே ஐம்பதாண்டு ஊர்க்கதையைச் சொல்கிறது. கோத்ராப் பிள்ளை, சூசையார், சிலுவை ஆகிய மூவரும் வெவ்வேறு வயதினர். கரையில் கதை தலைமுறை தலைமுறையாக முன்னே நகர்கிறது. கடலில் மூன்று தலைமுறையும் ஒன்றாகவே கிடக்கின்றன. இந்த அமைப்புதான் நாவலின் பெரும் பலம். மூத்தவர்கள் இருவரும் இளையவன் பிழைக்கவேண்டும் என்று தம் உயிரை விடுகிறார்கள். முன்னோர் என்ற சொல்லுக்கு நாவல் தரும் பொருள் இங்கே இருக்கிறது. வம்சப் பட்டியலில் மேலே இருப்பவர் என்பதால் ஒருவர் முன்னோர் ஆவதில்லை, பற்றியிருந்ததை விட்டுக்கொடுத்ததால் ஆகிறார்.

அதற்கு இணையாக நாவலில் கைமாறுவது தொழிலறிவு. தொம்மந்திரையார் போன்ற மூத்தவர்களிடமிருந்து அடுத்தவர் பெறுவது சொத்து அல்ல. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பிரித்தறிவது, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பது, கண்ணுக்குத் தெரியாத பார் எங்கே கிடக்கிறது என்று கரையின் அடையாளங்களை வைத்துக் கணிப்பது. இவற்றுக்குப் பத்திரம் கிடையாது. கூடப் போனவனுக்கே தெரியும். உடன் போன உறவு முறிந்தால் அந்த அறிவும் போய்விடும். ஆகவே கட்டுமரத்திலிருந்து இயந்திரப் படகுக்கு மாறும் பகுதிகளை வெறும் தொழில்நுட்ப மாற்றமாகப் படிக்க முடியாது. தாத்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய தேவை குறையும்போது தாத்தாவின் இடமும் குறைகிறது.

மொழியும் இதே வேலையைச் செய்கிறது. உள்நாட்டு வாசகருக்குப் பல சொற்கள் முதலில் தடையாகவே இருக்கும். அகராதியைப் புரட்டிக்கொண்டு நாவல் படிப்பது எரிச்சலூட்டுவதுதான். ஆனால் கடற்சொற்களைப் பொதுத்தமிழாக மாற்றியிருந்தால் நாவலுக்குள் முன்னோர் மிஞ்சியிருக்கமாட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் கெடாமல் கிடைப்பது அந்தச் சொற்கள்தான்.

நாவலின் குறைகளும் வெளிப்படையானவை. கதைமாந்தர் கூட்டம் பெரிது. பாதிக்குமேல் முகம் தெளிவதில்லை. பங்குக்குரு காகு சாமியார் நினைவில் நிற்கும் அளவுக்கு அவருக்குப் பின்வரும் குருக்கள் நிற்பதில்லை. கடலுக்குப் போகும் ஆணின் அறிவு நுட்பமாகச் சொல்லப்படும் அளவுக்கு, மீன்கூடையைத் தலையில் சுமந்து உள்ளூர்களுக்கு நடந்த பெண்ணின் அறிவு சொல்லப்படவில்லை. எந்த ஊரில் யார் கடன் சொல்வார்கள், எந்த மீன் எத்தனை நாழிகை தாங்கும் என்பதும் தாயிடமிருந்து மகள் பெற்ற சொத்துதான். ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்கள் நெய்தலை அறிந்ததில் அந்தக் கூடைக்கும் பங்கு உண்டு.

கொற்கை

கொற்கை அளவிலும் நோக்கத்திலும் பெரியது. ஆயிரம் பக்கங்களுக்கு மேல் நீள்வது. மீன்பிடி ஊரைவிட்டுத் துறைமுக நகரத்துக்கு வருகிறது. பரதவரின் சாதித்தலைவரான பாண்டியபதி, கொழும்புக்குச் சரக்கேற்றும் தோணிகள், வணிகத்தில் எழுந்துவரும் பிற சமூகங்கள், கைவிட்டுப்போகும் வீடுகள் என்று ஒரு நூற்றாண்டின் சரிவைச் சொல்கிறது. தோணியில் சிறுவனாக ஏறி, அதைச் செலுத்தும் தண்டலாக உயரும் பிலிப்பின் வாழ்க்கை இதற்குள் ஓடும் இழை.

இங்கே முன்னோர் வேறுவகையில் வருகிறார்கள். பட்டம், கொடிவழி, கப்பல், மாளிகை. பரதவருக்குள் மேசைக்காரர் என்ற மேல்தட்டு உண்டு. அவர்களிடம் ஆவணம் இருந்தது, வரவுசெலவுக் கணக்கு இருந்தது, படம் இருந்தது. கட்டுமரத்தில் போனவனிடம் இவை இல்லை. கொற்கை மேல்தட்டின் வீழ்ச்சியைக் கடுமையாகவே விமர்சிக்கிறது. ஆடம்பரமும் குடியும் வழக்குகளும் கப்பல்களைத் தின்பதை மறைக்கவில்லை. அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் விமர்சிப்பதற்கும் அந்தக் குடும்பங்களையே திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது. இன்னார் மகன் இன்னார், இன்னார் வாங்கிய தோணி, இன்னார் விற்ற வீடு என்று பல பக்கங்கள் பதிவேடாகவே ஆகிவிடுகின்றன. பெயர்கள் கூடுகின்றன, மனிதர்கள் கூடுவதில்லை.

பாண்டியர் வழி வந்தவர்கள் என்ற பெருமிதமும் இந்தச் சிக்கலைச் சேர்ந்ததே. குடும்பப்பெயர் முன்னோரை மறைத்துவிட்ட சமூகம் அதற்கு முந்திய பெருமையொன்றைத் தேடுவது இயல்பு. துறைமுகமான பழைய கொற்கையின் பெயரை நவீனத் தூத்துக்குடிக் கதைக்குச் சூட்டியதிலும் அந்தத் தேடல் உண்டு. ஆனால் அரச வம்சம் என்ற கற்பிதம் சாதாரணக் கடலோடியின் பாட்டனை மீண்டும் ஒருமுறை பெயரற்றவன் ஆக்குகிறது. ஆழி சூழ் உலகு அவனுக்குக் கொடுத்த இடத்தைக் கொற்கை சில இடங்களில் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பிலிப்பின் கடற்பயணப் பகுதிகள் மட்டும் விதிவிலக்கு. பாய் விரித்த தோணி காற்றோடு போராடும் பக்கங்களில் ஆசிரியர் மீண்டும் தன் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

முத்துக்குளிப்பைப் பற்றி ஒன்று சொல்லலாம். தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிப் பெரிய முத்துக்குளிப்பு. நாவலின் காலத்துக்குள்ளேயே ஒரு தொழில் முடிந்து, அதை அறிந்த கடைசித் தலைமுறை முதுமை எய்துகிறது. கொற்கையில் மாளிகைகளுக்குக் கிடைத்த பக்கங்களில் ஒரு பகுதியாவது அந்தக் கடைசிக் குளியாட்களுக்குப் போயிருக்கலாம்.

வெளியிலிருந்து எழுதியவர்கள்

ஜோ டி குருஸுக்கு முன்பு இக்கடற்கரையை எழுதியவர்களுள் முக்கியமானவர்கள் வண்ணநிலவனும் ராஜம் கிருஷ்ணனும். கடல்புரத்தில் (1977) சிறிய நாவல். ஆசிரியராகிவிட்ட மகன் செபஸ்தி, வல்லத்தை விற்றுவிட்டுத் தன்னோடு வரும்படி தந்தை குரூஸ் மிக்கேலை அழைப்பதே அதன் அடிப்படை முடிச்சு. முன்னோர் தொழிலை விடுவது என்ற கேள்வியை அந்தச் சிறிய நாவல், கொற்கையைவிடக் கூர்மையாக ஒரே வீட்டுக்குள் வைத்துக் கேட்டுவிடுகிறது. மகள் பிலோமி வழியாகப் பெண்ணின் பார்வையும் அதில் உண்டு. ஆனால் அதில் கடல் பெரும்பாலும் கரையிலிருந்து பார்க்கப்படுவது. ராஜம் கிருஷ்ணனின் அலைவாய்க் கரையில் (1978) களஆய்வு செய்து எழுதப்பட்டது. திருச்சபைக்கும் மீனவர்க்குமான பிணக்கை அது துணிவாகப் பேசுகிறது. குடும்ப நினைவு அதன் அக்கறை அல்ல.

வாசகர்களாக வழித்தோன்றல்கள்

இரு நாவல்களுக்கும் சமூகத்துக்குள்ளிருந்தே எதிர்ப்பும் எழுந்தது. நாவலில் தம் மக்கள், குறிப்பாகப் பெண்கள், இழிவாகக் காட்டப்படுவதாகச் சொன்னார்கள். புனைவு என்பது புனைவே என்று பதில் சொல்வது எளிது. ஆனால் எதிர்த்தவர்கள் படித்தது புனைவை அல்ல. கல்லறையும் கொடிவழியும் கிடைக்காத இடத்தில் இந்நூல்களே குடும்ப ஏடாகிவிட்டன. ஏட்டில் பாட்டி ஒருத்தியைப் பற்றி எழுதப்பட்டிருந்தால் அது யார் பாட்டி என்று ஊரில் கேட்கத்தான் செய்வார்கள். கதைமாந்தருக்கு வைத்த பெயர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. தந்தைவழிப் பாட்டனின் பெயரை மூத்த பேரனுக்கு வைக்கும் வழக்கம் தொடர்வதால் சூசையும் சிலுவையும் இன்றும் அங்கே உயிரோடு நடமாடும் பெயர்கள். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது.