பொம்மை விமானமும் மெய் விமானமும்: ஒரு திரைப்படத்தின் இயற்பியல்

அறிவியல் திரைப்படங்கள் என்றதும் நம் நினைவுக்கு வருபவை விண்வெளிக் கப்பல்களும் வேற்றுக்கிரக மனிதர்களுமே. பாலைவன மணலில் ஒரு சிலர் ஸ்பானரும் கையுமாக உழைப்பதையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் காட்டும் படத்தை எவரும் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை. ஆயினும், இயற்பியல் மாணவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய படம் எது என்று கேட்டால், ‘தி ஃபிளைட் ஆஃப் தி ஃபீனிக்ஸ்’ என்றே சொல்வேன். எல்ஸ்டன் ட்ரெவர் 1964-இல் எழுதிய நாவலைத் தழுவி ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கிய இப்படம் 1965-இல் வெளிவந்தது. இதன் நடுநாயகமாக நிற்கும் கேள்வி ஒன்றே: மாதிரி விமானம் வடிவமைப்பவனால் மனிதரைச் சுமக்கும் விமானத்தை வடிவமைக்க முடியுமா? இதற்குப் படம் தரும் விடை எவ்வளவு தூரம் சரி என்பதை இங்கே காண்போம்.

கதைச் சுருக்கம்

லிபியப் பாலைவனத்தின் மேல் பறக்கும் சி-82 ரகச் சரக்கு விமானம் ஒன்று மணற்புயலில் சிக்கித் தரையில் மோதுகிறது. உயிர் பிழைத்தவர்களிடம் பேரீச்சம்பழம் நிறைய இருக்கிறது. தண்ணீர் மிகக் குறைவு. தேடி வருவார் எவருமில்லை. அவர்களுள் ஒருவனான டார்ஃப்மன் என்னும் ஜெர்மானிய வடிவமைப்பாளன், உடைந்த விமானத்தின் உறுப்புகளைக் கொண்டே சிறிய விமானம் ஒன்றைக் கட்டிப் பறந்து விடலாம் என்கிறான். விமானி டவுன்ஸ் அதை நம்பவில்லை. எனினும் வேறு வழியின்றி இணங்குகிறார். வேலை முடியும் தறுவாயில்தான் உண்மை வெளியாகிறது. டார்ஃப்மன் இதுவரை வடிவமைத்தவை அனைத்தும் மாதிரி விமானங்களே! ‘ஒரு பொம்மைக்காரனை நம்பியா இத்தனை நாள் உழைத்தோம்?’ என்று விமானி இடிந்துபோகிறார்.

டார்ஃப்மனின் திட்டம் வெறும் கற்பனையன்று. சி-82 விமானத்தின் அமைப்பே அதற்கு இடந்தருகிறது. அதற்கு இரண்டு எஞ்சின்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு நீண்ட தண்டு வால் வரை செல்கிறது. ஆகவே ஓர் எஞ்சினையும் அதன் தண்டையும் பிரித்தெடுத்தால், ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். மறுபக்கத்து இறக்கையைக் கழற்றிக் கொண்டுவந்து பொருத்த வேண்டியதுதான் பாக்கி. கதாசிரியர் இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்ததிலேயே அவருடைய பொறியியல் நோக்கு தெரிகிறது.

ஓட்டுபவன் இல்லாத விமானம்

‘பொம்மை’ என்ற ஏளனத்துக்கு டார்ஃப்மன் அமைதியாக விடை கூறுகிறான். மாதிரி விமானத்தில் விமானி இல்லை. அது தன்னைத்தானே நிலைநிறுத்திக் கொள்ள வேண்டும். ஆகையால் அதன் வடிவமைப்பில் கூடுதல் கவனம் தேவை என்பதே அவன் வாதம். படத்தின் தலைசிறந்த கட்டம் இது. இயற்பியலும் இதில் பழுதற்றது.

இதனைச் சற்று விளக்குவோம். கையிலிருந்து விடுபட்ட மாதிரி விமானத்தின் மூக்கு காற்றலையால் சற்று மேலே தூக்கப்படுகிறது எனக் கொள்வோம். ஈர்ப்பு மையம் போதிய அளவு முன்னால் அமைந்து, வாலும் தக்க கோணத்தில் பொருத்தப்பட்டிருந்தால், வாலின் மேல் கூடுதல் தூக்குவிசை தோன்றி மூக்கைக் கீழிறக்கும். இறக்கைகள் நுனிநோக்கிச் சற்று மேலெழும்பி அமைந்திருந்தால், பக்கவாட்டுச் சாய்வும் தானே நேராகும். ஈர்ப்பு மையம் ஒரு சென்டிமீட்டர் பின்னால் போனாலும் சிறிய மாதிரி பல்டியடித்து விழக்கூடும். மெய் விமானத்தில் இத்தகைய குறையைத் திறமையுள்ள விமானி கைப்பிடியால் ஓரளவு சமாளிப்பார். மாதிரியில் அதற்கு வழியில்லை.

ஆனால் இந்த நல்ல வாதத்துக்குப் படம் காட்டும் வரலாற்றுச் சான்று மட்டும் தவறானது. ஹென்சனும் ஸ்ட்ரிங்ஃபெல்லோவும் 1851-இலேயே ரப்பர் விசையால் இயங்கும் மாதிரியை 600 மீட்டர் பறக்கவிட்டார்கள் என்று டார்ஃப்மன் கூறுகிறான். உண்மையில் ஸ்ட்ரிங்ஃபெல்லோ 1848-இல் இங்கிலாந்தின் சார்டு என்னும் ஊரில் சோதித்த மாதிரி நீராவியால் இயங்கியது. சோதனை நடந்ததும் ஓர் ஆலைக் கட்டடத்துக்குள்ளேதான். டார்ஃப்மன் சொல்லியிருக்க வேண்டிய பெயர் அல்ஃபோன்ஸ் பெனோ. இந்தப் பிரெஞ்சு இளைஞர் 1871-இல் பாரிஸ் நகரப் பூங்காவில், முறுக்கிய ரப்பரால் இயங்கிய மாதிரியை 11 விநாடி பறக்கவிட்டார். வாலின் கோணத்தாலும் இறக்கை நுனிகளின் வளைவாலும் அது தானே நிலைத்துப் பறந்தது. டார்ஃப்மன் பேசும் தத்துவத்தின் தந்தை அவரே.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர்கள் ரைட் சகோதரர்கள். 1903-இல் பறந்த அவர்களுடைய விமானத்துக்குத் தானே நிலைத்திருக்கும் தன்மை கிடையாது. விமானி கணந்தோறும் திருத்திக் கொண்டே இருக்க வேண்டும். சைக்கிள் கடைக்காரர்களுக்கு அது இயல்பான எண்ணந்தானே! பெனோவின் வழி நிலைப்பு. ரைட் சகோதரர்களின் வழி கட்டுப்பாடு. டார்ஃப்மனும் டவுன்ஸும் போடும் சண்டை வெறும் தன்மானச் சண்டையன்று. விமானவியலின் இரு பெரும் கொள்கைகளுக்கு இடையிலான வழக்கு அது. இன்றைய பயணி விமானங்கள் இரண்டையும் கலந்தே அமைகின்றன.

எஞ்சினை எழுப்பும் காட்சி

பார்வையாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் கட்டம் எஞ்சினைக் கிளப்பும் காட்சியே. எஞ்சினைச் சுழற்றப் பயன்படுவது வெடிமருந்துத் தோட்டா. அது எரிந்து வெளிவிடும் வாயு ஒரு பிஸ்டனைத் தள்ள, அந்த அசைவு சுழற்சியாக மாறி எஞ்சின் தண்டைத் திருப்புகிறது. கையிலிருப்பவை ஏழே தோட்டாக்கள். முதலில் சில வீணாகின்றன. அப்போது டவுன்ஸ், பொறியூட்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரு தோட்டாவை வெறுமனே வெடிக்கச் செய்து சிலிண்டர்களைச் சுத்தம் செய்ய முனைகிறார். டார்ஃப்மன் பதறுகிறான். ஆனால் அடுத்த தோட்டாவில் எஞ்சின் உயிர்பெறுகிறது.

மாதிரி விமானங்களின் சிற்றெஞ்சின்களோடு பழகியவர்களுக்கு இது அரிச்சுவடிப் பாடம். இரண்டரை கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள சிற்றெஞ்சினில் மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் கலந்த எரிபொருள் எரிகிறது. பிளாட்டினம் கலந்த சிறு கம்பிச்சுருளைத் தொடக்கத்தில் மின்கலத்தால் சூடாக்குவார்கள். ஓடத் தொடங்கியதும் மின்கலத்தை எடுத்துவிடலாம். எரிதலின் வெப்பமும், மெத்தனாலின் மேல் பிளாட்டினம் ஆற்றும் வினையூக்கமும் சுருளைச் சூடாகவே வைத்திருக்கும். தொடங்கும்போது எரிபொருள் மிகுந்துவிட்டால் சுருள் நனைந்து அணையும். திரவம் அழுந்தாது, ஆகவே பிஸ்டன் மேலேறாமல் தடைப்படும். அப்போது சுருளைக் கழற்றிவிட்டு விசிறியைச் சிலமுறை சுற்றினால், மிகுதி எரிபொருள் துளை வழியே பீய்ச்சி வெளியேறும். ஊசித் தடுக்கிதழைக் கால் சுற்று மூடி மீண்டும் முயன்றால் எஞ்சின் சீறிக்கொண்டு ஓடும்.

டவுன்ஸ் செய்ததும் இதுவே. மாதிரி விமானத் தொழிலிலேயே இருப்பவனுக்கு இது தெரியாமற்போனது எப்படி? கணக்கிடுபவனுக்குக் கைப்பழக்கம் தெரியாது என்று காட்டுவதற்காகக் கதாசிரியர் டார்ஃப்மனின் அறிவில் ஒரு பகுதியைப் பிடுங்கிக் கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல நாடகம், ஆனால் மாதிரி விமானக் கலைஞர்களுக்கு இழைத்த சிறு அநீதி.

படம் சொல்லாத கணக்கு

பெரிய குறை ஒன்றும் உண்டு. சிறியதற்கும் பெரியதற்கும் தத்துவம் ஒன்றே என்று டார்ஃப்மன் கூறுவது பாதி உண்மையே. ஒரு மீட்டர் அகலமுள்ள, ஒரு கிலோகிராம் எடையுள்ள மாதிரியை எல்லா அளவுகளிலும் பத்து மடங்கு பெருக்குவோம். இறக்கைப் பரப்பு 100 மடங்காகும். எடையோ 1,000 மடங்காகும். ஒவ்வொரு சதுர மீட்டரும் பத்து மடங்கு சுமையைத் தாங்க வேண்டும். அதற்கு வேகம் பத்தின் வர்க்கமூல மடங்கு, அதாவது சுமார் 3.2 மடங்கு வேண்டும். மாதிரி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறந்தால், பெரியது 32 மீட்டர் வேகத்தில் பறக்க வேண்டும்.

காற்றோட்டத்தைப் பொறுத்தவரை பெரியதற்கே ஆதாயம். மாதிரி இறக்கையின் ரெயினால்ட்ஸ் எண் சுமார் 1.3 லட்சம் என்றால், பெருக்கிய இறக்கைக்கு அது 40 லட்சத்தைத் தாண்டும். காற்று இறக்கையை எளிதில் விட்டுப் பிரியாது. வலிமையில்தான் ஆபத்து. எடை 1,000 மடங்கு, நெம்புகரம் 10 மடங்கு. எனவே இறக்கையின் அடியில் வளைக்கும் திருப்புத்திறன் 10,000 மடங்காகிறது. அதைத் தாங்கும் குறுக்குவெட்டின் திறனோ 1,000 மடங்கே. ஆகவே பொருளின் தகைவு 10 மடங்காகிறது. மாதிரி தரையில் மோதி எழுந்து நிற்கலாம். அதே வடிவிலுள்ள பெரிய விமானம் முறிந்துபோகும். பாலைவனத்தில் கைக்கருவிகளால் பொருத்திய இறக்கை மூட்டு இச்சுமையைத் தாங்குமா என்பதே டார்ஃப்மனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. படத்தில் அதை எவரும் அழுத்திக் கேட்கவில்லை. முதல் பறப்பே வெற்றியாக முடிந்துவிடுகிறது.

மெய்யாக நடந்தது

திரைக்கு வெளியே அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. படப்பிடிப்புக்காக ஓட்டோ டிம் என்ற அனுபவமிக்க வடிவமைப்பாளர் ‘பீ-1’ என்ற விமானத்தை அமைத்தார். அது சி-82 உறுப்புகளால் ஆனதன்று. பீச்கிராஃப்ட் விமானத்தின் இறக்கைகளையும் டீ-6 பயிற்சி விமானத்தின் எஞ்சினையும் கொண்டு தனியே கட்டப்பட்டது. அது உண்மையிலேயே பறந்தது. 1965 ஜூலை 8 அன்று அமெரிக்கப் பாலைவனத்தில், புகழ்பெற்ற திரைப்பட விமானி பால் மான்ட்ஸ் அதைத் தரையோடு தாழப் பறந்து காட்டிக் கொண்டிருந்தார். இரண்டாம் முறை வந்தபோது விமானம் ஒரு சிறு மேட்டில் மோதியது. மேலெழ முயன்றபோது உடற்பகுதி இரண்டாக முறிந்தது. மான்ட்ஸ் உயிரிழந்தார், உடனிருந்த சாகச நடிகர் பாபி ரோஸ் பலத்த காயத்துடன் பிழைத்தார். எஞ்சிய காட்சிகளை வேறு விமானத்தைக் கொண்டு எடுத்து முடித்தார்கள். படத்தின் இறுதியில் மான்ட்ஸுக்கு அஞ்சலி எழுத்து வருகிறது. ஆனால் எது முறிந்தது, ஏன் முறிந்தது என்பதைத் திரை சொல்வதில்லை.

பீ-1 விமானத்தை அமைத்தவர் அனுபவமிக்க வடிவமைப்பாளர். தேர்ந்த விமானியின் கையில்தான் அது இருந்தது. டார்ஃப்மனின் அறிவும் டவுன்ஸின் கையும் ஒன்றுசேர்ந்தும், எதிர்பாராத ஓர் அதிர்ச்சியைச் சட்டகம் தாங்கவில்லை. கணக்கும் கைத்திறனும் போதும் என்கிறது படம். அவற்றோடு பளுச் சோதனையும் தாராளமான பாதுகாப்பு வரம்பும் வேண்டும் என்கிறது அந்த விபத்து.

2004-இல் இக்கதை கோபி பாலைவனத்தைக் களமாகக் கொண்டு மீண்டும் படமாயிற்று. ஓசையும் வேகமும் கூடின, வாதம் குறைந்தது. மாணவர்கள் பார்க்க வேண்டியது பழைய படமே.

பள்ளி, கல்லூரிக் கண்காட்சிகளில் மாதிரிகளைக் காண்கிறோம். அழகாக இருக்கிறதா, அசைகிறதா என்று பார்த்துப் பரிசளிப்பதோடு நம் பணி முடிந்துவிடுகிறது. இதைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் எந்த இடத்தில் முதலில் முறியும் என்று மாணவரைக் கேட்பவர் சிலரே. இப்படத்தைப் பார்த்துவிட்டு, டார்ஃப்மன் கட்டிய விமானத்தின் இறக்கை மூட்டைப் பற்றி ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். படம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து உங்கள் இயற்பியல் தொடங்கட்டும்.