வெல்லெஸ்லியின் மடல்களும் நிஜாமின் வீரர்களும்

1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து புறப்பட்டு ஆம்பூரை அடைந்தபோது, ஹைதராபாத் நிஜாமின் படையும் அங்கு வந்து இணைந்தது. திப்பு சுல்தானுக்கு எதிரான அப்போரில் நிஜாம் தரப்பின் தலைவர் மீர் ஆலம். எனினும், படையை நடத்தும் பொறுப்பு 33ஆம் ரெஜிமெண்டின் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு வயது 29. கவர்னர் ஜெனரலின் தம்பி. பின்னாளில் வெலிங்டன் கோமகன் என அறியப்பட்டவர் இவரே.

இவரது இராணுவ வாழ்வை அறிய முதன்மை ஆதாரம், 1834 முதல் கர்வுட் பதிப்பித்த மடல் தொகுதிகளும், 1858 முதல் அவருடைய மைந்தர் வெளியிட்ட துணைத் தொகுதிகளுமாகும். இவற்றின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. அரிசியும் வண்டிமாடும் இன்றேல் வெற்றியும் இல்லை என்பதை இத்துணைத் தெளிவாக உணர்த்தும் இராணுவ எழுத்து அரிது.

ஆனால், ஒரு செய்தியை ஏற்குமுன் அதை அறிவிப்பவரின் நிலையை ஆராய்வது நம் அறிவு மரபு. இம்மடல்களில் பேசுபவர் தளபதி மட்டுமே. நிஜாமின் வீரன் இங்கு எண்ணிக்கையாக வருகிறான். அவன் குரல் கேட்பதில்லை. இது மடல்களின் குறையன்று. அவற்றையே முழு வரலாறாகக் கொண்டு, நட்புப் படையை நடத்தியதை ஒரு தனிமனிதரின் திறமையாக மட்டும் சித்திரிக்கும் வாழ்க்கை வரலாறுகளின் குறை.

உண்மையில் அத்தலைமையை உருவாக்கியது ஓர் உடன்படிக்கை. 1798 செப்டம்பரில் நிஜாம், பிரெஞ்சு அதிகாரிகளின் கீழிருந்த தம் படையைக் கலைக்கவும், கம்பெனிப் படையைத் தம் செலவில் ஏற்கவும் இசைந்தார். 1799 மே 4இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது; திப்பு களத்திலேயே மாண்டார். அடுத்த ஆண்டே, மைசூரிடமிருந்து 1792இலும் 1799இலும் தாம் பெற்ற நிலங்களை, அப்படைச் செலவுக்கு ஈடாக நிஜாம் கம்பெனியிடமே ஒப்படைத்தார். பெல்லாரியும் கடப்பாவும் கைமாறியது இவ்வாறே. தளபதிக்குப் புகழ் தந்த அதே போர், நண்பருக்குத் தந்த பலன் இது.

1815இல் வாட்டர்லூவில் வெலிங்டன் நடத்திய படையிலும் பிரிட்டிஷார் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. அங்கே டச்சு, ஜெர்மானிய ஆவணங்களைக் கொண்டு, ஆங்கிலேயர் எழுதிய வரலாற்றை ஆய்வாளர்கள் மறுபரிசீலனை செய்தனர். 1799க்கும் அந்நீதி வேண்டும். மைசூர்த் தரப்பைக் கூறும் கிர்மானியின் ‘நிஷானே ஹைதரி’யும், மீர் ஆலமின் உறவினர் அப்துல் லத்தீஃப் ஷூஷ்தரீயின் ‘துஹ்ஃபத்துல் ஆல’மும் பாரசீகத்தில் உள்ளன. அம்மொழியைப் படிக்க வல்லோர் நம்மிடையே அருகி வருகின்றனர். அவர்களும் மறைந்துவிட்டால், தளபதியின் மடல்களே நமக்கு எஞ்சும்.