சென்னிமலை: மேலே வேலன், கீழே தறி

பெருந்துறைக்கும் காங்கேயத்துக்கும் நடுவே சமவெளியில் தனித்து நிற்கும் ஒரு குன்று, அதன் அடிவாரத்தில் ஒரு நெசவாளர் ஊர். இரண்டுக்கும் ஒரே பெயர், சென்னிமலை. காரில் மேலே போய் முருகன் கோயிலில் தரிசனம் முடித்து அரை மணியில் இறங்கிவிடுபவர்களே அதிகம். அவர்களுக்குக் கோயில் கிடைக்கும், ஊர் கிடைக்காது. இது நடந்து பார்க்க வேண்டிய இடம்.

அடிவாரத்திலிருந்து 1320 படிகள். வெயில் ஏறுமுன் ஏறிவிடுவது நல்லது; சூடேறிய கல்லில் வெறுங்கால் தாங்காது. சுவாமியின் திருமஞ்சனத்துக்கு அடிவாரத்துத் தண்ணீரைப் பொதிகாளைகள் இந்தப் படிகள் வழியாகவே சுமந்து செல்வது இக்கோயிலின் வழக்கம். காளை எதிர்ப்பட்டால் ஒதுங்கி நின்று, அது ஒவ்வொரு படியிலும் குளம்பை ஊன்றி நிதானித்து ஏறுவதைக் கவனிக்கலாம். மூச்சிரைக்க ஓடி ஏறுபவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. 1984 பிப்ரவரியில் இரட்டை மாட்டு வண்டியே படியேறியது என்று ஊர் இன்றும் பெருமையாகச் சொல்கிறது.

மலைக்குச் சிரகிரி என்றும் பெயர். சென்னி என்றாலும் சிரம் என்றாலும் தலைதான். அருணகிரிநாதர் பாடிய தலம். கந்த சஷ்டி கவசம் அரங்கேறியதும் இங்கேதான் என்பது மரபு. மலைக்கு மேல் காகம் பறப்பதில்லை என்ற நம்பிக்கையும் உண்டு, அதைச் சோதிக்க அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிப்பவர்களும் உண்டு. தரிசனத்தோடு திரும்பிவிடாமல், பின்புறம் இன்னும் மேலேறி வள்ளி, தெய்வானை சன்னதியையும் பிண்ணாக்குச் சித்தர் குகையையும் பார்க்க வேண்டும். அங்கே கூட்டம் குறைவு, காற்று அதிகம்.

மேலிருந்து பார்க்கும்போதுதான் கொங்கு நாட்டின் மேய்ச்சல் நிலம் புரியும். கிளுவை வேலி அடைத்த கொறங்காடுகள், ஊடே வெள்ளவேல மரங்கள். காங்கேயம் மாடுகள் இந்தக் காடுகளில் மேய்ந்து வளர்ந்தவை. மேற்கே நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் அதுவே என்பர். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் அங்கே இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. அந்த உலைகளுக்கான இரும்புத் தாது சென்னிமலைப் பக்கத்திலிருந்து போயிருக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. அருகிலுள்ள அறச்சலூர் மலையிலோ ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. அதில் பெயர் பொறித்துக்கொண்டவர் மணிய வண்ணக்கன், அதாவது மணிகளின் தரம் பார்ப்பவர். கோயிலை மட்டும் பார்த்து இறங்கினால் இந்த ஈராயிரம் ஆண்டுத் தொழில் வரலாறு கண்ணில் படாமலே போகும்.

இறங்கிய பின் ஊரைக் காதால் பார்க்க வேண்டும். விசைத்தறி விடாமல் ஒரே தாளத்தில் இரையும். கைத்தறி அப்படியல்ல; 'டக், டக்' என்று போய்ச் சட்டென்று நிற்கும். இழை அறுந்திருக்கும், அல்லது நாடாவில் தார் தீர்ந்திருக்கும். அறுந்த இழையை நெசவாளர் விரல் நுனியால் தேடிப் பிடித்து முடிச்சிட்டதும் சத்தம் மீண்டும் தொடங்கும். பாவு ஓட்டுவது, தார் சுற்றுவது, தறியில் உட்காருவது என வீடே பங்கு போட்டுக்கொள்ளும் வேலை இது. வாசலில் நின்று கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். வேலை நேரத்தில் படம் பிடிக்கக் கேட்காமலிருப்பது இன்னும் நல்லது.

சென்னிமலையின் பெயர் சொல்லும் சரக்கு பெட்ஷீட். படுக்கை விரிப்பில் சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. ஆனாலும் விசைத்தறித் துணி கைத்தறி என்ற பெயரில் விற்கப்படுவது நின்றபாடில்லை. வாங்குபவர்கள் கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போய்க் கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்குவது உத்தமம்.

கொடி காத்த குமரன் 1904இல் பிறந்ததும் இந்த ஊரில்தான், ஒரு நெசவாளர் வீட்டில்.