நவீன இசையும் கோயமுத்தூர்த் தாயியும்

மேனாட்டுச் செவ்வியல் இசையில் நவீனத்துவம் பிறந்த கதையைப் பாரிசில் தொடங்குவதே வழக்கம். 1889ஆம் ஆண்டுப் பொருட்காட்சியில் ஜாவாவின் கமெலான் இசையைக் கேட்டு டெபுசி வியந்தார். 1913இல் ஸ்திராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு' அரங்கேறியபோது அவையிற் கூச்சல் எழுந்தது. இக்கதையிலே தமிழ்ப் பாடகி ஒருவருக்கும் இடமுண்டு என்பதை நம்மில் எத்தனைபேர் அறிவோம்?

தேவதாசி மரபில் வந்த கோயமுத்தூர்த் தாயி (1872–1917) கிராமபோன் காலத்தின் தொடக்கத்திலேயே பல இசைத்தட்டுக்களிற் பாடியவர். 1912ஆம் ஆண்டளவில் இந்தியாவிற் பயணஞ்செய்த ராவெலின் மாணவர் மொரிஸ் டெலாஜ் அவரது குரலில் மனம் பறிகொடுத்தார். தாயி பாடிய அருட்பா இசைத்தட்டொன்றே டெலாஜின் 'ராகமாலிகா' என்னும் பியானோப் படைப்புக்கு மூலமாயிற்று.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுந்தது. பியானோவின் கட்டைகள் நிலையான சுரங்களையே தருவன. ஒரு சுரத்திலிருந்து மற்றதற்கு வழுக்கிச் செல்லும் கமகத்துக்கு அங்கு இடமில்லை. மிருதங்க ஒலியும் இல்லை. ஆதலால் டெலாஜ் தந்தியின் கீழ் அட்டைத்துண்டொன்றைச் செருகி, அச்சுரத்தை மழுங்க ஒலிக்கச் செய்தார். பியானோவையே மாற்றியமைத்து வாசிக்கும் இம்முறைக்கு அமெரிக்கரான ஜான் கேஜ் புகழ்பெற்றது பல ஆண்டுகள் கழித்தே. புதுமை என்பது தனிமேதையின் கனவில் மட்டும் உதிப்பதன்று. பழைய கருவி புதிய ஒலியின் முன் தோற்கும் இடத்திலும் அது பிறக்கிறது.

டெலாஜைக் கள்வர் என்று பழிப்பது நமது நோக்கமன்று. கீழைநாட்டு இசையை வெறும் அலங்காரமாகக் கொண்டோர் நடுவே அவர் செவிகொடுத்துக் கேட்டார். ஆயினும் அவரது படைப்பில் சொற்கள் இல்லை. வடலூரிலே 1867இல் பசித்தோர்க்குத் தருமச்சாலை கண்ட இராமலிங்க அடிகளின் பாட்டு, பாரிசின் வரவேற்பறையை அடையும்போது பசியையும் பரிவையும் இழந்து நாதமாக மட்டும் எஞ்சியது. பாடியவளின் உழைப்பும் அந்நாதத்துள் மறைந்தது.

ஆனால், குற்றம் பாரிசினுடையது மட்டுமா? தாயி போன்ற பெண்களின் கலையை உயர்குல மேடைக்கு எடுத்துக்கொண்டு, அவர்தம் குலத்தை இழிவென ஒதுக்கியது நமது சமூகமே. அந்நியர் சொற்களை விடுத்தனர். நாமோ பாடியவளையே விடுத்தோம். நவீன இசையின் வரலாற்றை மாணவர்க்குச் சொல்லும்போது டெபுசியின் பெயரோடு தாயியின் பெயரையும் சொல்வோம். இது பழம்பெருமை பேசுவதற்கன்று. கலையும் உழைப்பே, உழைத்தவருக்கு உரிய பெயர் உண்டு என்று உணர்த்துவதற்கே.