ஒரே ஐந்து எழுத்து, நான்கு சொல்

கே, என், ஐ, டி, எஸ். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பனியன் ஊரின் அங்கேரிபாளையத்தில் அக்கா வீட்டுத் திண்ணையில் ஸ்கிராபிள் ஆடிக்கொண்டிருந்தோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகளின் கையில் இந்த ஐந்து கட்டைகள் சேர்ந்திருந்தன. யோசிக்காமல் 'நிட்ஸ்' என்று வைத்தாள். வைக்காமல் இருப்பாளா? அப்பா நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார், அம்மா செக்கிங் போகிறார். பேச்சுப் பழகும்போதே காதில் விழுந்த சொல் அது.

ஆனால் அந்த ஐந்து எழுத்துக்குள் 'ஸ்டிங்க்', 'ஸ்கின்ட்', 'டிங்க்ஸ்' என்று இன்னும் மூன்று சொல் உட்கார்ந்திருக்கின்றன. நான்குக்கும் மதிப்பு 9 புள்ளிதான். ஆட்டத்தில் நான்கும் ஒன்றல்ல. 'ஸ்டிங்க்' என்றால் நாற்றம். அதன் வாலில் எஸ் ஒட்டும், ஒய் ஒட்டும், ஓவும் ஒட்டும். 'ஸ்கின்ட்' என்றால் பிரிட்டன் வழக்கில் கையில் காசில்லாத நிலை. அதன் வாலில் ஒற்றை எழுத்து எதுவும் ஒட்டாது. முன்னணியில் இருப்பவர் 'ஸ்கின்ட்' வைத்துக் கதவைச் சாத்துவார். பின்தங்கியவர் 'ஸ்டிங்க்' வைத்து வாசலைத் திறந்துவிடுவார். எங்கள் பெண் அப்போது 40 புள்ளி பின்தங்கியிருந்தாள். அவள் வைத்த 'நிட்ஸ்' கதவைச் சாத்தும் சொல். அந்த ஆட்டத்தை அவள் இழந்தது அந்த இடத்தில்தான்.

ஆட்டம் முடிந்ததும் அவள் சொன்னாள்: "எனக்கு இங்கிலீசு அவ்வளவா வராதுங்க மாமா, அதான்."

தமிழ்வழியில் படிக்கிற பிள்ளை சொல்லும் இந்த ஒரு வரிதான் என்னை இந்தப் பத்தியை எழுத வைத்தது. இந்த ஆட்டத்தின் வரலாறு அவள் சொன்னதற்கு நேர் எதிராக இருக்கிறது. 2003-இல் கோலாலம்பூரில் உலகப் பட்டம் வென்றவர் தாய்லாந்தின் பனுபோல் சுஜயகோர்ன். 2009-இல் வென்ற பகோர்ன் நெமித்ரமன்சுக்கும் அதே நாட்டுக்காரர். ஆங்கிலம் அங்கே யாருக்கும் வீட்டுமொழியில்லை. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். பிரெஞ்சு பேசத் தெரியாத அவர், சுமார் 9 வாரம் பிரெஞ்சு அகராதியைப் படித்துவிட்டு 2015-இல் பிரெஞ்சு மொழிக்கான உலகப் பட்டத்தையே தட்டிக்கொண்டு வந்தார். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்தார்.

அவரது முதல் ஆங்கில உலகப் பட்டம் நம் நாட்டில் கிடைத்தது. 2007, மும்பை. இறுதியாட்டத்தில் எதிரே உட்கார்ந்தவர் கணேஷ் ஆசீர்வாதம், தமிழ்ப் பெயர் தாங்கிய மலேசிய வீரர். 3-0 என்று ரிச்சர்ட்ஸ் முடித்துவிட்டார். தோற்றாலும் உலகில் இரண்டாமிடம். இந்தப் பெயரை நம் பள்ளிகளில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, இவர்கள் சொல்லை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பொருளிலிருந்து தொடங்குவதில்லை. கையில் வந்த எழுத்துகளை முதலில் அகரவரிசையில் அடுக்குகிறார்கள். நம் ஐந்தும் ஐ, கே, என், எஸ், டி என்று ஆகிவிடும். அந்த அடுக்கோடு அதில் பிறக்கும் எல்லாச் சொற்களையும் சேர்த்தே மனப்பாடம் செய்கிறார்கள். கட்டிங்கிலிருந்து முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாம் நம்பர் போட்டு ஒரே பண்டலாக லைனுக்கு வருகிறதல்லவா, அப்படி. விழித்திரையைக் குறிக்கும் 'ரெடினா'வோடு எஸ் சேர்ந்தால் 'ரெடினாஸ்' மட்டுமா? 'ரீடெய்ன்ஸ்', 'நாஸ்டியர்', சாயமேற்றுபவரைக் குறிக்கும் 'ஸ்டெய்னர்' என்று வரிசையாக வரும். நம் ஊர் நூலுக்கான 'த்ரெட்ஸ்' என்ற ஏழெழுத்தைக் கலைத்தால் 'ஹார்டெஸ்ட்', 'ஹேட்ரெட்ஸ்', 'ட்ராஷ்ட்' எல்லாம் கிடைக்கும். ஏழு கட்டையையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல் என்பதால், ஆட்டத்தின் உயிரே இந்த ஏழெழுத்துச் சொற்களில் இருக்கிறது.

செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்ணைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் துணியை வரி வரியாகப் படிப்பதில்லை. பீஸைப் புரட்டும்போதே ஓட்டையும் விட்டுப்போன தையலும் கண்ணில் தானாகச் சிக்குகின்றன. ஒன்றரை ஷிப்ட் நின்றாலும் அந்தக் கண் தவறுவதில்லை. ஸ்கிராபிளுக்கு வேண்டியது அதே கண்தான். அது இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

அடுத்தது கணக்கு. நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர், 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தபோது, செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி இந்த ஆட்டத்தை வகுத்தார். 100 கட்டை. அதில் இரண்டு வெற்றுக்கட்டை. இ மட்டும் 12, எஸ் நான்கே நான்கு. எல்லாச் சொல்லுக்கும் வால் ஒட்டி எளிதாக்கிவிடக் கூடாது என்றே எஸ்ஸைக் குறைத்தார். அதனால் 1 புள்ளிதானே என்று எஸ்ஸை அவசரப்பட்டு இறக்குவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு.

க்யூவுக்கு 10 புள்ளி. யு வரட்டும் என்று காத்திருப்பவர்கள் கடைசியில் அது கையிலேயே தங்கி அடிபடுவார்கள். உங்கள் கணக்கில் 10 குறையும், எதிராளிக்கு 10 ஏறும். யு இல்லாமலே க்யூ வரும் சொற்கள் நம் காதுக்குப் பழக்கமானவை: ஃபகீர், தலாக், நிகாப். க்யூவும் ஐயும் மட்டும் சேர்ந்தாலே ஒரு சொல், சீனர்கள் சொல்லும் உயிராற்றல். மாறாக, வி எழுத்தை வைத்து இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூட இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நெருக்கமான பலகையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நம்முடைய சொற்களும் ஸ்கிராபிள் அகராதியில் இருக்கின்றன. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகவும், அணைக்கட்டு 'அனிகட்' ஆகவும், சுருட்டு 'செரூட்' ஆகவும், கயிறு 'காயர்' ஆகவும் செல்லும். இந்த ஊருக்கே பெயர் வாங்கித் தந்த பனியனும் செல்லும். பன்மையாக்கி எஸ் சேர்த்தால் சரியாக ஏழெழுத்து. சாதாரணக் கட்டங்களில் வைத்தாலே 9-உம் 50-உம் சேர்ந்து 59 புள்ளி.

பாங்காக்கில் கிங்ஸ் கப் ஸ்கிராபிள் போட்டிக்கு ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகள் திரண்டு வருகிறார்கள். நம் பள்ளிகளில் இந்தப் பலகை இருந்தாலும் ஆங்கில ஆசிரியரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அதை எடுத்து விளையாட்டுப் பீரியடில் வையுங்கள். பொருள் கேட்டு மார்க் போட வேண்டாம். கட்டையைக் கலைத்து அடுக்க விடுங்கள், போதும்.

அங்கேரிபாளையத்தில் அன்று இரவே அவள் தொடங்கிவிட்டாள். அம்மாவின் பழைய பீஸ் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு, இடது பக்கம் அகரவரிசை, வலது பக்கம் சொற்கள். முதல் வரியில் ஐ, கே, என், எஸ், டி. எதிரே நான்கு சொல்லும் இருக்கிறது. 'ஸ்டிங்க்' அடியில் மட்டும் சிவப்பு மையில் ஒரு கோடு.