பரங்கிமலைக் கருங்கல்

எரிமலை பார்க்க நமக்கு வாய்ப்பு குறைவு. கூடுவாஞ்சேரியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே 25 கிலோமீட்டர் வண்டியை விட்டால் அதன் தூரத்து உறவு ஒன்று கிடைக்கும். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை, மூன்றுமே சார்னோகைட் பாறை. வெளியே கொப்பளித்த குழம்பல்ல இது. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரியைத் தாண்டிய சூட்டில் வெந்து இறுகியது. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லும் இதே கல்தான்; பாறைக்குப் பெயர் வந்ததும் அவரிடமிருந்துதான்.

வெயிலில் கிடந்த முகம் பழுப்பாக, சொரசொரவென்று இருக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. உடைந்த சில்லு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்புங்கள். நல்லெண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுக்கு, உள்ளே நீலம் கலந்த குவார்ட்ஸ் மணிகள். இரண்டு சில்லுகளைத் தட்டினால் ‘டங்’ என்று கணீரெனச் சத்தம் வரும். இந்தக் கடினத்தில் உளி வைத்து நேர்க்கோடு போடுகிற கல்தச்சரின் மணிக்கட்டை நினைத்தால் மரியாதை வருகிறது. நாமோ இதை ஜல்லி என்று லாரி லாரியாக வாங்கிக் கான்கிரீட்டில் புதைத்துவிடுகிறோம்!

பரங்கிமலையில் ஏறத்தாழ 135 படிகள்தான், மூச்சு வாங்காது. மேலே நின்றால் விமான நிலைய ஓடுதளம் முழுசாகத் தெரியும். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பிறகு கல் சுடும்.