பிரமிடுக்குள் அடங்காத சமூகம்

மத்தியகால ஐரோப்பா என்றதும் பள்ளிப் பாடநூல் ஒரு பிரமிடு வரைந்து காட்டும். உச்சியில் அரசர், அவருக்குக் கீழே பெரும் பிரபுக்கள், அடுத்து நைட்டுகள், அடித்தட்டில் பண்ணையடிமைகள். மேலிருந்து நிலம் இறங்கி வரும். கீழிருந்து விசுவாசமும் உழைப்பும் ஏறிப் போகும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் வரலாற்றாய்வாளர்கள் இந்தப் படத்தை ஏறக்குறைய முழுவதுமாகவே பிரித்துப் போட்டுவிட்டார்கள். பிரித்துப் போட்டதைவிட, அதற்கு அடியில் அவர்கள் கண்டெடுத்தது பெரிது என்பது என் கருத்து.

ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். 1127 ஏப்ரலில், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள புரூஜ் நகரில், ஃபிளாண்டர்ஸ் நாட்டின் புதிய கோமகன் வில்லியம் கிளிட்டோவுக்கு மானியதாரர்கள் விசுவாசம் தெரிவித்தார்கள். 'முழுமையாக என் ஆளாக விரும்புகிறாயா?' என்று கோமகன் கேட்கிறார். விரும்புவதாகச் சொன்னவர், கூப்பிய கைகளைக் கோமகனின் கைகளுக்குள் வைக்கிறார். முத்தம் பரிமாறப்படுகிறது. பிறகு புனிதச் சின்னங்களின் மீது சத்தியம். கடைசியில் கோமகன் தம் கையிலிருந்த கோலைக் கொண்டு மானியத்தை உறுதிசெய்கிறார். நகரில் எழுத்தராக இருந்த கல்பெர்ட் இதை எழுதிவைத்தார். நிலப்பிரபுத்துவத்தை விளக்கும் மூல ஆவணத் தொகுப்புகளில் திரும்பத் திரும்ப இடம்பெறுவது இந்தப் பகுதிதான்.

ஆனால் அந்த ஊருக்குப் புதிய கோமகன் ஏன் தேவைப்பட்டார்? ஒரு மாதத்துக்கு முன், மார்ச் 2 அன்று, பழைய கோமகன் சார்லஸ் தேவாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் எரம்பால்ட் குடும்பத்தாரும் அவர்களைச் சேர்ந்தவர்களும். அந்தக் குடும்பத்தின் பெர்ட்டுல்ஃப், அதே தேவாலயத்தின் தலைவர், நாட்டின் ஆவணப் பொறுப்பாளர். கோட்டைக் காவலும் அந்தக் குடும்பத்திடமே இருந்தது. இவர்கள் பிறப்பால் பண்ணையடிமைகள், கோமகனுக்குச் சொந்தமானவர்கள் என்று சார்லஸ் நிலைநாட்ட முயன்றார். பிரச்சினை வெடித்த விதம்தான் கவனிக்க வேண்டியது. பெர்ட்டுல்ஃபின் உறவுப் பெண்ணை மணந்த நைட் ஒருவர், இன்னொரு நைட்டைக் கோமகனின் சபையில் சண்டைக்கு அழைத்தார். அழைக்கப்பட்டவர் மறுத்துவிட்டார். அடிமைக் குலத்துப் பெண்ணை மணந்து ஓராண்டு கடந்தால் சுதந்திரமானவரும் அடிமையாகிவிடுவார் என்பது சட்டம். அடிமையோடு தான் சரிசமமாக நின்று சண்டையிட முடியாது என்றார். அந்த ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உயர்வைக் குலைத்தது.

கையைக் கூப்பிய சடங்கைப் பாடநூல் எடுத்துக்கொண்டது. கொலைக்குக் காரணமான பிறப்புக் கேள்வியை விட்டுவிட்டது. அதிகாரத்தின் உச்சியில் இருந்தவரும் சட்டத்தின் முன் அடிமையாக இருக்க முடிந்த சமூகத்தைப் பிரமிடின் எந்தப் படியில் வைப்பது?

நிலப்பிரபுத்துவம் பற்றிய ஆய்வுத் துறையின் பெரிய பிளவு இங்கிருந்தே புரியும். மார்க் பிளாக் 1939, 1940ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்ட நிலப்பிரபுத்துவச் சமூகம் பற்றிய நூலில் உறவுமுறை, நினைவு, பணம், குடியானவரின் கட்டுப்பாடு எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்தார். பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்த அவரை 1944 ஜூன் 16 அன்று நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டில் பெல்ஜிய அறிஞர் கான்ஷோஃபின் நூல் வந்தது. அது பொருளைச் சுருக்கியது: பிரபுவும் அவரிடம் மானியம் பெற்ற போர்வீரரும் செய்துகொண்ட சட்ட ஒப்பந்தம், அவ்வளவுதான். தெளிவான நூல், சந்தேகமில்லை. ஆனால் மக்களில் மிகப் பெரும்பான்மையினர் அந்தத் தெளிவுக்கு வெளியே நின்றார்கள்.

1974இல் அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் பிரவுன், நிலப்பிரபுத்துவம் என்ற கருத்தாக்கமே ஆய்வாளர்களின் மேல் கொடுங்கோல் செலுத்துகிறது என்று எழுதினார். ஆதாரங்கள் அதற்குள் அடங்காதபோது ஆதாரங்களை வெட்டிக் குறைக்கிறோம் என்பது அவரது குற்றச்சாட்டு. இருபது ஆண்டுகள் கழித்து, 1994இல், சூசன் ரெனால்ட்ஸ் இன்னும் ஆழமாக வெட்டினார். மானியம் பற்றிய ஒழுங்கான சட்டம் முன்மத்தியகாலத்துப் போர்வீரர்களிடமிருந்து வந்ததல்ல. 12ஆம் நூற்றாண்டு தொடங்கி லம்பார்டியிலும் பிற இடங்களிலும் தொழில்முறை வழக்கறிஞர்கள் கட்டியெழுப்பியது. பிற்காலச் சட்ட அறிஞர்கள் அதைப் பின்னோக்கிப் பழைய நூற்றாண்டுகளின் மேல் போர்த்திவிட்டார்கள் என்று நாடுவாரியாகக் காட்டினார். எல்லாரும் ஏற்கவில்லை. ஆனாலும் ரெனால்ட்ஸுக்குப் பதில் சொல்லாமல் இன்று யாரும் இந்தத் துறையில் எழுத முடியாது.

11ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் லான் நகரப் பிஷப் அடல்பெரோ, ஜெபிப்போர், போரிடுவோர், உழைப்போர் என்று சமூகத்தை மூன்றாகப் பிரித்து எழுதியது நமக்கு எளிதில் கிடைக்கும் இன்னொரு படம். ஜார்ஜ் தூபி 1978இல் ஒரு முழு நூல் எழுதி, அது சமூகத்தின் விவரணையாக இல்லாமல், நிலைகுலைந்த காலத்தில் ஒரு பிஷப் அரசருக்கு விடுத்த அரசியல் கோரிக்கையாக இருந்ததைக் காட்டினார். உண்மையான கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. இங்கிலாந்தில் 1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கில் உழைப்போர் ஒரே வகையாக இல்லை: கணிசமான நிலம் வைத்த குடியானவர், குடிசையும் சிறு துண்டும் உள்ளவர், சுதந்திரக் குடிகள், பதிவானவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் முழு அடிமை.

என்னைப் பொறுத்தவரை துறையின் உண்மையான சாதனை 1970களிலிருந்து பண்ணை நீதிமன்றச் சுருள்களை, அதாவது பிரபுவின் நீதிமன்றம் தன் நடவடிக்கைகளைப் பதிந்துவைத்த ஏடுகளை, வாசித்தவர்களுடையது. ராட்னி ஹில்டன் குடியானவர் கிளர்ச்சிகளை எழுதினார். ஸ்வி ராசி, ஹேல்ஸோவன் என்ற ஒரே பண்ணையின் ஆவணங்களைக் கொண்டு கருமரணம் என்ற கொள்ளைநோய் வந்துபோன தலைமுறைகளின் பிறப்பு, மணம், இறப்பு பற்றி 1980இல் நூல் வெளியிட்டார். ஜூடித் பென்னெட், பிரிக்ஸ்டாக் ஊரில் 1344இல் இறந்த செசிலியா பெனிஃபாடர் என்ற மணமாகாத குடியானவப் பெண்ணின் வாழ்க்கையை அந்தச் சுருள்களிலிருந்து மீட்டெடுத்தார். செசிலியா நிலம் வாங்கினார், அண்டை வீட்டாரோடு வழக்காடினார். இறந்தபின் அவர் சொத்துக்கு உறவினர் சண்டையிட்டார்கள்.

இந்தச் சுருள்களில்தான் ஏற்றத்தாழ்வின் அன்றாடக் கணக்கு இருக்கிறது. மகளுக்கு மணம் முடிக்கப் பிரபுவுக்குக் கட்டணம். குடும்பத் தலைவர் இறந்தால் வீட்டிலுள்ள நல்ல மாடு பிரபுவின் தொழுவத்துக்குப் போகும். ஊரைவிட்டு வெளியே வாழ ஆண்டுக் கட்டணம். அறுவடையில் சொந்தக் கதிர் காத்திருக்க, பிரபுவின் வயலில் கூலியில்லா ஊழியம்.

மாவரைப்பதற்கும் விலை உண்டு. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடம் அவ்வூர் மக்களைத் தன் ஆலையிலேயே தானியம் அரைக்கச் சொன்னது. வீட்டில் திருகை வைத்திருந்தால் மடத்துக்கு வருமானம் போய்விடும். 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மடாதிபதி ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட் வீடுவீடாகத் திருகைக் கற்களைப் பறிமுதல் செய்து மடத்துக் கூடத்தின் தரையில் பதித்தார். வானியல் கடிகாரம் வடிவமைத்த பெரும் கணித அறிஞர் அவர். அறிவும் கொடுமையும் ஒரே மனிதரிடம் இருந்தன. 1381 குடியானவர் கிளர்ச்சியின்போது மக்கள் மடத்துக்குள் புகுந்து அந்தக் கற்களைப் பெயர்த்தெடுத்து உடைத்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தரும் புனித அப்பத்தைப் போலத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். மடத்துத் துறவியான தாமஸ் வால்சிங்ஹாம்தான் இதைப் பதிவுசெய்தார், மனத்தாங்கலோடு. அரை நூற்றாண்டு கடந்தும் அது எங்கள் வீட்டுக் கல் என்று ஊர் மறக்கவில்லை.

பிளாக் 1935இல் நீராலை பற்றி எழுதிய கட்டுரையில் இந்தச் சம்பவத்தைப் பயன்படுத்தினார். பிரபுவின் பிடிக்கு வெளியே இயங்கிய ஆலைகளும் கணிசமாக இருந்தன என்று ரிச்சர்ட் ஹோல்ட் 1988இல் அவரைத் திருத்தினார். திருத்தம் நியாயமானதே. செயின்ட் ஆல்பன்ஸின் கோபத்தை அது குறைத்துவிடாது.

கி.பி. 1000ஐ ஒட்டி, உள்ளூர்ப் பிரபுக்களின் ஆதிக்கம் திடீரென ஓங்கிய ஒரு 'நிலப்பிரபுத்துவப் புரட்சி' நடந்ததா என்று வரலாற்றாய்வாளர்கள் பிஸனும் பார்த்தலெமியும் 1990களில் மோதிய விவாதம் புகழ்பெற்றது. அது ஓய்ந்தபோது கையில் மிஞ்சியது, வட்டாரத்துக்கு வட்டாரம் நிலைமை வேறு என்ற முடிவே. கட்டலோனியா நல்ல உதாரணம்: அங்கே குடியானவர்கள் நெடுங்காலம் கிளர்ந்தெழுந்து, 1486இல் குவாடலூப் தீர்ப்பின் மூலம், பணம் கட்டித்தான் என்றாலும், 'தீய வழக்கங்கள்' எனப்பட்ட கட்டுகளிலிருந்து விடுபட்டார்கள்.

இந்தியாவுக்கும் இந்த விவாதம் வந்தது. வரலாற்றாய்வாளர் ஆர்.எஸ். சர்மா 1965இல் இந்திய நிலப்பிரபுத்துவம் பற்றி எழுதியதும், இந்திய வரலாற்றில் அப்படி ஒன்று இருந்ததா என்று ஹர்பன்ஸ் முகியா பின்னர் கேட்டதும், சோழர் காலத்துக்கு பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வேறொரு மாதிரியை முன்வைத்ததும் ஐரோப்பிய ஆய்வின் நிழலில் நடந்தவை. ஆனால் அவ்விவாதங்கள் பெரிதும் மானியம், அரசு, இறை என்ற தளத்திலேயே நின்றன.

பாடநூல் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். பிரமிடை எடுத்துவிடுங்கள். அந்தப் பக்கத்தில் புரூஜ் நகரத்துக் கொலையையும், செசிலியா பெனிஃபாடரின் நிலத் தகராறையும், செயின்ட் ஆல்பன்ஸ் திருகைக் கற்களையும் வையுங்கள். பத்தாம் வகுப்பு மாணவருக்கு இவை மூன்றும் புரியும்.